நாற்பத்தோராம் பற்றை

என் மாமியார் இறக்கும்வரை என்னைப் பெரிய நேர்த்திக்காரி என்றே நம்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் உறவினர் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். பலெர்மோ நகரின் வடக்கே கடலோரம் எழுந்து நிற்கும் பெல்லெக்ரீனோ மலைக்கு நான் கிழமையில் ஐந்து நாள் விடியற்காலையில் போவதாகவும், அங்கே குகைக்குள் படுத்த கோலத்தில் இருக்கும் புனிதையிடம் ஏதோவொரு வரம் வேண்டி நிற்பதாகவும் அவர்கள் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை உண்டாக்கியவர் என் கணவர். தன் மனைவி இத்தாலிக்கு வந்தும் புல்லுத்தான் பிடுங்குகிறாள் என்று தாயிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மலைக்குப் போகிறாள் என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஏதும் இல்லை. மீதியை மாமி தாமாகவே நிரப்பிக்கொண்டார்.

ஒருமுறை தொலைபேசியில் என்னிடமே கேட்டார்: "என்ன நேர்த்தி எண்டு கேக்கக் கூடாதுதான் பிள்ளை. எண்டாலும் இவ்வளவு காலமாச் சரிவரேல்லை எண்டா, நேரா நல்லூரானிட்டை ஒருக்காச் சொல்லிப் பாக்கலாமே?"

பக்கத்தில் நின்ற கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். நான் "ஓம் மாமி" என்றேன். வேறென்ன சொல்வது?

உண்மையில் நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலையின் புல்வெளிகளில் ஓர் அந்நியப் புல்லை அகற்றும் வேலை செய்தேன். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்த வேலையைப் பொறுப்பேற்றிருப்பவர்கள் ட்ரோனைப் பறக்கவிட்டு மலையை மேலிருந்து படம்பிடிக்கிறார்கள். நாங்கள் ஒரு மாதம் நடந்து கண்டதை அவர்கள் ஒரு முற்பகலில் கண்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, முழங்கால்களுக்கு நல்லது. படங்களோடு ஒப்பிடுவதற்காக எங்கள் பழைய குறிப்பேட்டை அவர்கள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களிடமிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. மலைப்பாதையின் ஏழாம் வளைவில் இருந்த நாற்பத்தோராம் இலக்கப் பற்றை, அந்தப் புல்லின் ஒரு தூறு, இரண்டு முறை பிடுங்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒரே பற்றையை எப்படி இரண்டு முறை பிடுங்க முடியும்?

அவர்களுக்கு இத்தாலிய மொழியில் மூன்று வரி எழுதி அனுப்பினேன். அந்த மூன்று வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

*

நான் இந்த வேலைக்கு வந்தது ஒரு சோடி காலுறையால். பலெர்மோவுக்கு வந்த எங்கள் பெண்கள் பலரையும்போல நானும் முதலில் வீட்டுவேலைதான் செய்தேன். பழைய நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு தாவரவியல் அறிஞர் தனியாக வாழ்ந்தார். மிரெல்லா என்பது அவர் பெயர். எல்லோரும் தொத்தொரெஸ்ஸா, அதாவது டாக்டர் அம்மா, என்று அழைத்தார்கள். நானும் கடைசிவரை அப்படியே அழைத்தேன். மலைக்குப் போய்வரும் நாட்களில் அவருடைய காலுறைகளில் மெல்லிய மயிருள்ள விதைகள் அப்பியிருக்கும். தோய்ப்பதற்கு முன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு வெறும் கோப்பித் தகரப் பேணிக்குள் போட்டு மூடிவைப்பேன். என்ன விதை என்று தெரியாத ஒன்றை முற்றத்தில் எறியக் கூடாது என்பது தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஊரில் பார்த்தீனியம் வந்து வயலும் வளவும் பட்டபாட்டை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஒருநாள் தொத்தொரெஸ்ஸா அந்தப் பேணியைக் கண்டார். திறந்து பார்த்தார். யார் இதைச் செய்யச் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். பல்கனிக்கு வெளியே ஏன் உதறிவிடவில்லை என்று கேட்டார். கீழேயும் மண் இருக்கிறதே என்றேன். அவர் பேணியை மூடி, அலுமாரியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அடுத்த வசந்தத்தில் நான் அவருடைய குழுவில் இருந்தேன்.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்த்தால் வெறுக்க முடியாத புல் அது. இடுப்பளவு உயரத்தில் நீரூற்றுப்போல நான்கு புறமும் வளைந்து விழும். நுனிதோறும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான கதிர், கோயிலில் வீசும் சாமரம்போல. ஏதோவொரு காலத்தில் அழகுக்காகவும் தீனிக்காகவும் ஆபிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவந்த புல், வேலி தாண்டி, தெருவோரங்களில் நடந்து, மலையில் ஏறிவிட்டது. நாங்கள் தமிழில் நரிவால் என்போம். மலையின் சொந்தப் புற்கள் முரடானவை, நிறம் மங்கியவை. அவற்றுக்கு நடுவே நரிவால் நின்றால் பார்ப்பவர்கள் அதையே படம் எடுப்பார்கள். அது நிற்கும் இடத்தில் மெதுமெதுவாக வேறெதுவும் நிற்காது. கோடையில் தீப்பிடித்தால் தானும் எரியும். முதல் மழைக்கு எல்லாவற்றுக்கும் முன்பாகத் தானே துளிர்க்கும். மற்றவை எழும்பும்போது இடம் நிறைந்திருக்கும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பருவம் பார்த்தேன், சுமந்தேன், பெயர்களைப் பாடமாக்கினேன். ஒரு தவறு மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட மண்வெட்டி கைக்கு ஒத்துவராமல், ஊரில் கோயில் வீதியிலும் வெங்காயப் பாத்தியிலும் புல்லுச் செருக்குகிற உழவாரத்தைக் காகிதத்தில் வரைந்து, பிரான்காச்சோவில் இருந்த ஓர் இரும்புப் பட்டறையில் செய்வித்தேன். குந்தியிருந்தபடி தரையோடு தரையாகச் செருக்கிக்கொண்டு போனேன். என் பங்கு நிலம் ஒரே நாளில் வழித்த தலைபோல் ஆயிற்று. உடன் வேலைசெய்த சால்வோ வியந்து பார்த்தார். மூன்று கிழமையில் நான் செருக்கிய அத்தனை பற்றையும் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து நின்றன.

"உன் ஆயுதம் நல்ல ஆயுதம், யோகா," என்றார் சால்வோ. "புல்லுக்கு முடி திருத்த."

தொத்தொரெஸ்ஸா சிரிக்கவில்லை. உழவாரத்தை வாங்கிப் பார்த்தார். இதன் அலகை ஒடுக்கி நீளமாக்கினால் வேரின் கீழே போகுமா என்று மட்டும் கேட்டார். மறுபடி பஸ் ஏறிப் பட்டறைக்குப் போனேன். அப்படித் திருத்திய அந்த அலகால்தான் ஓய்வு பெறும்வரை வேலைசெய்தேன்.

*

தொத்தொரெஸ்ஸா உரத்துப் பேசுபவர் அல்லர். பிழை செய்தவரை அவர் திட்டியதை நான் கேட்டதில்லை. பிழை நடந்த இடத்துக்குத் தானே போய்க் குனிந்து, அதைத் தன் கையால் சரியாகச் செய்து காட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் எழுந்து போவார். அதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் வகுத்த ஒழுங்கு இப்படி இருந்தது. காலையில் முதலில் துப்புரவான இடத்துக்குப் போக வேண்டும். நரிவால் மண்டிய இடத்துக்கு அதன்பிறகுதான். மண்டிய இடத்தில் நின்ற காலோடு துப்புரவான இடத்துக்குத் திரும்பவே கூடாது. பனி உலருமுன் வேலையைத் தொடங்க வேண்டும், நனைந்த விதை பறக்காது. கதிரைக் கைக்குள் மெல்லப் பிடித்து உருவிப் பார்க்க வேண்டும். பஞ்சு கையோடு வந்தால் அது முற்றிய கதிர். அப்போது பற்றையைத் தொடுமுன் கதிருக்குப் பையை மாட்டி, வாயை இறுக்கி, அதன்பின் அறுக்க வேண்டும். பிறகு உழவாரம் சுற்றிவர இறங்கும். அடித்தூர் உடையாமல் முழுதாக வெளியே வர வேண்டும். ஒரு சுளை மண்ணுக்குள் தங்கினாலும் அது ஒரு புதிய பற்றை. வந்த அடித்தூரை வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் பைக்குள் வைக்க வேண்டும். குழியை அப்படியே விடக் கூடாது. மண்ணை மூடி, உள்ளங்கையால் அமர்த்தி, மலையின் சொந்தப் புல்விதையை அதன்மேல் தூவ வேண்டும். வெறும் மண்ணை அழைப்பிதழ் என்பார் அவர்.

கடைசியாகத் தூரிகை. வேலி வாசலில் ஒரு தட்டைக் கல் இருந்தது. உள்ளே போகுமுன்னும் வெளியே வந்த பின்னும் அதில் ஏறி நின்று, சப்பாத்தின் அடி, மடிப்பு, கயிறு, காற்சட்டையின் விளிம்பு எல்லாவற்றையும் தட்டிக் கூட்டி, கூட்டியதைப் பேணிக்குள் போட வேண்டும். விருந்தினராக வந்த பெரிய அதிகாரிகளையும் தொத்தொரெஸ்ஸா அந்தக் கல்லில் ஏற்றியிருக்கிறார்.

எல்லாம் குறிப்பேட்டில் பதியப்படும். ஒவ்வொரு பற்றைக்கும் ஓர் இலக்கம், இடம், நாள், செய்த வேலை. பென்சிலால் மட்டுமே எழுத விடுவார். மனிதர் பிழை விடுவார்கள், திருத்த இடம் இருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

இத்தனையும் ஒரு துண்டு நிலத்துக்காக. யாத்திரிகர் ஏறும் கல்பாவிய பாதையின் ஏழாம் வளைவுக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி ஒரு சரிவு இருக்கிறது. மலை முழுவதிலும் நரிவால் தொடாத கடைசிப் புல்வெளி அது. தொத்தொரெஸ்ஸா அதைத் தொவாலியா என்பார். மேசைவிரிப்பு என்று பொருள். ஒரு துணுக்குக்கூட அதில் விழக் கூடாது என்பதால் அந்தப் பெயர். மாசியில் அங்கே தேனீயின் உடலைப்போலவே பூக்கும் சிறிய செடிகள் இருந்தன. முழங்கால் உயரத்துக்குமேல் வளராத பனைகள் இருந்தன; எங்கள் ஊர்ப் பனையை யாரோ கனவில் கண்டு சிறிதாகச் செய்துவைத்ததுபோல. சில காலைகளில் கடலிலிருந்து மூடுபனி எழுந்து வந்து சரிவை நிறைத்துவிடும். குனிந்த மனிதரின் முதுகு மட்டும் தெரியும். புற்கள் தம்முள் உராயும் ஒலி கேட்கும். அந்த நேரங்களில், நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு கணம் எடுக்கும்.

*

ஒரு செப்டெம்பர் மாதம், ஏழாம் வளைவின் மதிலோரத்தில், முன்பு எதுவும் இல்லாத இடத்தில் நல்ல வளமான நரிவால் ஒன்று நின்றது. அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. கதிர்களின் கீழே, தண்டுகளைச் சேர்த்து, ஒரு மஞ்சள் துணி முடியப்பட்டிருந்தது.

சால்வோ பையை விரித்தார். அது உங்கள் ஆட்களின் வேலைதானே, உங்கள் கடவுளருக்கு எங்கள் மலையிலும் இடம் போதவில்லையா என்று கேலி செய்தார். பலெர்மோவில் வாழும் நம்மவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு அந்தப் பாதையில் ஏறிப் புனிதையை வணங்குவது நகரமே அறிந்தது. நீ போ, இதை நான் பார்க்கிறேன் என்றேன். அவர் போய்விட்டார். நான் உழவாரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேர்த்திக்குக் கட்டிய முடிச்சை, வேண்டியது நிறைவேறினால்தான் அவிழ்ப்போம். அதற்கு முன் அவிழ்ப்பது, இனி இல்லை என்று நம் வாயாலேயே சொல்வதற்கு ஒப்பு.

குறிப்பேட்டில் இலக்கம் நாற்பத்தொன்று என்று எழுதினேன். நாளை எழுதினேன். அதன் பக்கத்தில் "பிடுங்கப்பட்டது" என்றும் எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் காத்திருந்தேன். வந்தவர் சிவபாக்கியம் அக்கா. போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவர். பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒற்றையறையில் இருந்துகொண்டு அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவும் வேலை செய்தார். கோயிலில் கண்டு கதைத்திருக்கிறோம். கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. அதைப் பற்றையின் அடியில் மெதுவாக ஊற்றினார்.

"வடிவா இருக்கெல்லே, பிள்ளை? சாமரம் மாதிரி."

"ஆர் அக்கா இதைக் கட்டினது?"

"நான்தான். தீபனுக்கு." மகனின் பெயரை, அவன் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பதைப்போலச் சொன்னார். "கடைசியா அவனைக் கடற்கரையிலை கண்டது. தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் அம்மா, எழும்பாம இருங்கோ எண்டிட்டுப் போனவன். பதினேழு வயசு. இஞ்சை வந்த புதுசிலை, ஏற ஏலாம, இந்த மதிலிலைதான் இருந்து அழுதனான். ஒரு அடையாளம் காட்டு தாயே எண்டு கேட்டனான். அடுத்த முறை வரேக்கை இது முளைச்சு நிக்குது. ஒருத்தரும் நடேல்லை. தானா வந்தது."

நரிவால் எல்லாமே தானாகத்தான் வருகிறது. அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. என் பழைய நைலெக்ஸ் சேலை ஒன்றை வெட்டி, கயிறு கோர்த்த சிறு பைகள் தைத்தேன். கிழமைக்கு இரண்டு முறை, மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில், ஏழாம் வளைவுக்கு ஏறி, முற்ற இருக்கும் கதிர்களுக்குப் பையை மாட்டி அறுத்தேன். முடிச்சைத் தொடவில்லை. இளங்கதிர் இரண்டொன்றை அக்காவின் கண்ணுக்காக விட்டுவைப்பேன். விதை விழாதவரை பற்றை நிற்பதால் யாருக்கு என்ன கேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு கோடை அப்படிக் கழிந்தன. ஊரில் மாமி நான் நேர்த்தி செய்வதாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு ஆண்டும் அவர் நம்பியதில் பிழையில்லை.

மூன்றாம் கோடையின் முடிவில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். நான்காம் நாள் தெற்கிலிருந்து சிரோக்கோ வீசத் தொடங்கியது. ஆபிரிக்க மணலைச் சுமந்து வரும் அந்தச் சூடான காற்றில் ஜன்னல்கள் அதிர்வதைக் கேட்டுக்கொண்டு, எழும்ப முடியாமல், காற்றின் திசையை மட்டும் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஏழாம் வளைவு மேலே. தொவாலியா கீழே, வடக்கே. எழுந்து போனபோது கதிர்கள் மொட்டையாக நின்றன.

*

முதல் மழைக்குப் பிறகு, தொவாலியாவின் மேல் விளிம்பில், பச்சை ஊசிகள்போல நாற்றுகள் எழும்பின. முதலில் கண்டவர் தொத்தொரெஸ்ஸா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

தாய்ப்பற்றை எங்கே என்று தேடினார். குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். காற்று வரும் திசையில் உயிரோடு ஒரு பற்றைகூட இல்லை என்றது குறிப்பேடு. ஏழாம் வளைவின் மதில் பாதையின் மறுபுறம் இருந்ததால் கீழிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அங்கே போய்ப் பார்க்கவும் அவருக்குக் காரணம் இல்லை, ஏனென்றால் நான் எழுதியிருந்தேன். என் எழுத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெளியே காரணம் கிடைக்காததால் அவர் தன்னிடம் தேடினார். விதை தன் சப்பாத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். அன்றிலிருந்து தொவாலியாவுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. நானும் சால்வோவும் முழங்காலில் நின்று நாற்றுகளை ஊசியால் முள்ளெடுப்பதுபோல எடுப்போம். அவர் வேலிக்கு வெளியே தட்டைக் கல்லில் அமர்ந்து, நாங்கள் நீட்டும் பைகளை வாங்கி அடுக்குவார். வாழ்நாளின் பாதியை அந்தச் சரிவுக்குக் கொடுத்தவர் ஒரு மாதம் அதன் வாசலில் அமர்ந்திருந்தார்.

ஒருநாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வயதாகிவிட்டது, யோகா. தூரிகை பிடிக்கவும் இந்தக் கைக்கு மறந்துபோயிற்று."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் துணி, தண்ணீர்ப் போத்தல், சேலைப் பைகள், காய்ச்சல், குறிப்பேட்டில் எழுதிய பொய். என் இத்தாலிய மொழி இடையிடையே உடைந்தது. வேலையை விட்டுப் போகச் சொன்னால் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன்.

எத்தனை கதிர் என்று அவர் கேட்டார். ஒன்பது என்றேன். எத்தனை நாள் காற்று என்று கேட்டார். மூன்று என்றேன். மூடுபனி சரிவில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொன்று கேட்டார்.

"அந்தப் பையனுக்கு எத்தனை வயது?"

"பதினேழு."

"முடிச்சை அவிழ்க்கக் கூடாது, அப்படித்தானே?"

"கூடாது."

அவர் எழுந்தார். நிலத்தைப் பார்த்துச் சிந்திக்கும்போது வரும் அந்தச் சுருக்கம் நெற்றியில் விழுந்திருந்தது. அடித்தூர் எப்படியும் உடையாமல்தான் வெளியே வர வேண்டும், முழுதாக வந்தால் எவரும் எதையும் அவிழ்க்கத் தேவையில்லையே என்றார். அதன்பின் சொன்னார்: "ஆனால் தாயைக் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு வேரையும் தொட மாட்டோம்."

அன்று பின்னேரமே அக்காவின் அறைக்குப் போனேன். கீழே பல்லாரோவில் வியாபாரிகள் கூவிக்கொண்டிருந்தார்கள். சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தீபனின் படம் இருந்தது, மாலை போடாமல். தேநீர் தந்தார். நான் சொல்லச் சொல்ல, கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கதைகளில் தாய்மார் இந்த இடத்தில் கதறுவார்கள். அக்கா கதறவில்லை.

"அது கெட்ட புல்லே, பிள்ளை?"

"புல்லிலை ஒரு குற்றமும் இல்லை, அக்கா. அதின்ரை இடம் இது இல்லை. நிண்டுதெண்டா, கீழை கிடக்கிற சின்னதுகள் எல்லாம் போயிடும்."

"என்னென்ன கிடக்கு அங்கை?"

தேனீப்பூவைச் சொன்னேன். குட்டைப் பனையைச் சொன்னேன். பெயர் தெரியாத சிறு பூண்டுகளை விரலால் அளவு காட்டினேன். அவர் நீண்ட நேரம் மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிவிட்டது.

"கடற்கரையிலை கஞ்சிக்கு லைன்லை நிக்கேக்கையும் பின்னாலை நிக்கிற கிழவியளை முன்னுக்கு விடுறவன்," என்றார். "என்ரை பிள்ளை ஒருத்தற்றை இடத்தையும் பிடிக்கிறவன் இல்லை."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா முடிச்சு அவிழப்படாது," என்றார்.

"அவிழாது, அக்கா."

"நானும் வருவன்."

*

கிழமை நாளொன்றில், விடியலில், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது அக்கா வெறுங்காலோடு ஏறி வந்தார். சால்வோ தொப்பியைக் கழற்றினார். அன்று அவர் ஒரு கேலியும் பேசவில்லை. தொத்தொரெஸ்ஸாவுக்கும் அக்காவுக்கும் பொதுவான மொழி பத்துச் சொல் இருக்கலாம். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு அந்தப் பத்தையும் சொல்லிக்கொண்டார்கள்.

அக்கா தண்டுகளை இரண்டு கையாலும், முடிச்சுக்கு மேலே, சேர்த்துப் பிடித்தார். நான் உழவாரத்தை ஒரு சாண் தள்ளி இறக்கினேன். மதிலோர மண் கல் நிறைந்தது. அவசரப்பட்டு நெம்பினால் அடித்தூர் பிளக்கும். சுற்றிவர ஒருமுறை, ஆழமாக இன்னொருமுறை, பிறகு கையால். ஒவ்வொரு வேராக மண்ணைத் தட்டி விடுவித்தேன். என் வேலைக் காலத்தில் அத்தனை மெதுவாக எதையும் நான் தோண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின், அக்காவின் கையில், பாரம் திடீரென்று மாறியது. பற்றை முழுதாக எழுந்து வந்தது. ஒரு சுளையும் தங்கவில்லை. முடிச்சு, கட்டியபடி இருந்தது.

அக்கா அதைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தினார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பாரமான ஒரு பொருளை ஏந்துவதுபோலத்தான் ஏந்தினார். தொத்தொரெஸ்ஸா பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

குழியை மூடி அமர்த்தியபின் நாங்கள் கீழே, வேலி வாசலுக்கு வந்தோம். அந்தப் புல்வெளியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். தொத்தொரெஸ்ஸாவும் நானும் சால்வோவும் சப்பாத்தைத் தட்டிக் கூட்டினோம். அக்கா வெறுங்காலோடு கல்லருகே தயங்கி நின்றார். தொத்தொரெஸ்ஸா அவரைக் கையைப் பிடித்துக் கல்லில் ஏற்றி இருத்தினார். பின்பு, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மையார், முழங்காலிட்டு, அக்காவின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, மென்மையான தூரிகையால் விரல் இடுக்கு, குதி, வெடிப்பு ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு பாதத்தை முடித்து மறு பாதத்தை எடுத்தார். விழுந்த தூசியைக் கடதாசியில் கூட்டி, பேணிக்குள் போட்டு, மூடினார். வழக்கமான ஒழுங்கைத்தான் செய்தார். எந்த விருந்தினருக்கும் அதைத்தான் செய்திருப்பார். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

அதன்பின் இருவரும் தொவாலியாவுக்குள் போனார்கள். ஒரு மாதத்தின் பின் தொத்தொரெஸ்ஸா அன்றுதான் உள்ளே கால் வைத்தார். மூடுபனிக்குள் இரண்டு முதுகுகள் குனிந்து நின்றதைப் பார்த்தேன். ஒரு முதுகு மற்றதற்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் தொத்தொரெஸ்ஸா குறிப்பேட்டைத் திறந்தார். என் பொய்யை அழிக்க அழிப்பான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இதை அழித்தால், இனி வருபவர்களுக்கு நாற்றுகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் போய்விடும் என்றார். அதன் கீழே, தன் கையால், புதிய நாளையிட்டு, "பிடுங்கப்பட்டது" என்று எழுதினார். நாற்பத்தோராம் பற்றை இரண்டு முறை பிடுங்கப்பட்டது அப்படித்தான்.

அடித்தூரைத் தன் வீட்டு மொட்டைமாடியில் வேர் மேலே பார்க்க வைத்து ஒரு கோடை முழுவதும் காயவிட்டார். உயிர் போயிற்று என்று வெட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகே, முடிச்சோடு அக்காவிடம் கொடுத்தார். அது இப்போது தீபனின் படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் போத்தலில் இருக்கிறது. படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை.

விதை மண்ணுக்குள் ஆறேழு ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பார் தொத்தொரெஸ்ஸா. ஏழு மழைக்காலம் நாங்கள் முழங்காலில் நின்றோம். முதலாண்டு பை நிறைய, அடுத்த ஆண்டு பிடியளவு, பிறகு விரல்விட்டு எண்ணும் அளவு. கடைசி இரண்டு ஆண்டும் ஒன்றுமில்லை. என்னை அவர் வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஆனால் அதன்பின் என் குறிப்புகளை ஒவ்வொரு மாதமும் நடந்துபோய்ச் சரிபார்த்தார். அது நியாயம் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தொத்தொரெஸ்ஸா காலமாகி நான்கு ஆண்டுகள். சால்வோ வடக்கே மகளிடம் போய்விட்டார். என்னுடைய நேர்த்தி என்னவென்று அறியாமலே மாமியும் போய்ச் சேர்ந்தார். கணவர் மட்டும், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு மலைக்குப் புறப்படும்போது, "அம்மா சொன்னது கடைசியிலை சரியாப் போச்சு" என்பார்.

சிவபாக்கியம் அக்கா போத்தல் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஏழாம் வளைவின் மதிலில் அமர்ந்து, மூச்சு வாங்க ஏறி வருபவர்களுக்கு ஒவ்வொரு மிடறு கொடுப்பார். பற்றை நின்ற இடத்தில் மலையின் சொந்தப் புல் மூடிவிட்டது. அந்த இடம் எதுவென்று இனி எந்த ட்ரோனும் காட்டாது. அறிந்தவர்களில் இப்போது இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.